வெடிப் பெட்டியில் குமுதியின் முகம்

அன்புள்ள மகனுக்கு,

வெள்ளிக்கிழமை காலை நம் வீட்டுப் பூஜை அறையில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் மனைவி செல்வி, அவளைப் பெற்ற உன் மாமா. வேறு யாரும் இல்லை. மாமாவின் டிரைவர் வாசலில் ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்; அவனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டு வரவு செலவை வந்தது வந்தபடி, போனது போனபடி எழுதிப் பழகிய கை இது. அன்றைக்கு நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் நீ போனில், "யாரோ என்னமோ சொல்லி உங்களக் கெளப்பி விட்டிருக்காக" என்றாய். யாரும் என்னைக் கிளப்பிவிடவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வெம்பக்கோட்டையில் மாமாவின் பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கு போட்டால், வியாபாரத்துக்குப் போவதற்கு முன் முதல் பெட்டி நம் வீட்டுக்கு வரும். நான் அதைச் சாமி முன்னால் வைத்து, சூடம் காட்டி, லேபிளில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பேன். உன் கல்யாணம் முடிந்த வருடம் நான் பொட்டு வைத்துக் கொடுத்த மத்தாப்பு நன்றாக ஓடியதாம். அன்றிலிருந்து மாமாவுக்கு என் கை மேல் ஒரு நம்பிக்கை. வெள்ளிக்கிழமையும் குளித்து, விளக்கேற்றி, காத்திருந்தேன். மாமா பெட்டியைத் திறந்து நீட்டினார். விரலில் குங்குமத்தை எடுத்துக்கொண்டு குனிந்தேன். நெற்றிக்கு நேராக விரல் போனபோது அந்த நெற்றி யாருடையது என்று தெரிந்தது. மூக்கில் மூன்று வளையங்கள், தலை நிறையக் கிளிப்புகள், தோளில் பூவேலை செய்த போர்வை. வரிசையாக ஒவ்வொரு வெடியின் மேலும் அவள் முகம் சுற்றி ஒட்டியிருந்தது. திரி அவள் உச்சந்தலையிலிருந்து முளைத்திருந்தது.

"வைங்க தங்கச்சி, நல்ல நேரம் போயிரும்" என்றார் மாமா.

"அண்ணாச்சி, இந்தப் பொம்பள யாரு?"

"யாருக்குத் தெரியும்? மாப்ள எடுத்த படம். மலைச்சாதிப் பொம்பளயாம். வடக்க இந்த மாதிரி மூஞ்சி நல்லா ஓடும்னாரு."

இந்தி எழுத்தில் ஏதோ பெயர் போட்டிருந்தது. உன் அப்பா லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் வடக்கத்தி டிரைவர்களோடு பழகிக் கொஞ்சம் இந்தி தெரிந்தவர் இல்லையா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி, "ஜங்லி ராணி" என்று படித்தார். மாமா சிரித்துக்கொண்டே, "காட்டு ராணின்னு வச்சுக்கங்களேன்" என்றார். உன் அப்பா சிரிக்கவில்லை. "ராணி சரிதான். ஜங்லின்னா நாம காட்டுமிராண்டின்னு வைவோம்ல, அது" என்றார்.

விரலில் இருந்த குங்குமத்தை முந்தானையில் துடைத்தேன். "இவ பேரு குமுதி" என்றேன்.

நீ மறந்திருப்பாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பூரி ஜெகந்நாதரைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்; போன மழைக்காலத்தில்தான் உனக்கு ஒழிந்தது. தரிசனம் முடிந்ததும், ராயகடாவில் ஒரு டீலரைப் பார்த்து ஆர்டர் பேச வேண்டும் என்றாய். திரும்புகிற வழிதானே, வருகிறேன் என்றேன். அந்த டீலர் ஆர்டரோடு உன் தலையில் ஓர் ஆசையையும் ஏற்றிவிட்டார். மேலே மலைக்குள் கோந்த் சனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் உடுத்துகிறதும் பூட்டிக்கொள்கிறதும் வெளியூர்க்காரர்கள் காணாதது, ஜீப் தருகிறேன், போய்ப் பாருங்கள் என்றார். பொருட்காட்சிக்குப் போகிற மாதிரி மனிதர்களைப் பார்க்கப் போவதா என்று எனக்கு உறுத்தியது. சொல்லவும் செய்தேன். "எம்மா, நீங்க மலையப் பாருங்க, நான் ஆளுகளப் பாக்கேன்" என்று கேலி பேசினாய். அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். மலை என்றால் எனக்குச் சாமி இருக்கிற இடம். அதை அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை.

ஜீப் ஓட்டிய அப்பாராவுக்குத் தெலுங்கும் தெரியும், அந்த மலைச் சனங்களின் பேச்சும் தெரியும். எனக்குத் தெலுங்கு வரும். என் சின்ன வயதில் ஆமத்தூரில் நாங்கள் இருந்த வளவில் பாதி வீடு தெலுங்கு பேசுகிற வீடு. உனக்கு வராது. ஆக, அங்கே குமுதி தன் பேச்சில் சொன்னதை அப்பாராவ் தெலுங்கில் சொன்னான், அதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு நீ கை விரிக்க முடியாது. உன் காதில் போட்டவள் நான்.

ஓடையில் வெள்ளம் வந்ததால் ஜீப் நின்றுவிட்டது. நடக்கலாம் என்றாய். பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கி நான் விழுந்ததும், முழங்கால் கிழிந்து சேலையெல்லாம் ரத்தமானதும் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். காட்டிலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்த குமுதி, கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். என்ன சாதி, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. குனிந்து நுழைகிற மாதிரி தாழ்ந்த வீடு. உள்ளே உட்காரவைத்து, பச்சை மஞ்சளைக் கல்லில் நச்சி, காயத்தில் அப்பி, தன் துணியைக் கிழித்துக் கட்டினாள். ரயிலில் ஊர் வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கட்டை நான் அவிழ்க்கவில்லை. சீழ் வைக்காமல் ஆறியது.

சுரைக்குடுக்கையில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். நம் வீட்டில் ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழ்தான், உப்புதான் கம்மி. நான் குடித்தேன். நீ வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் போய், வேலி ஓரத்தில் ஊற்றிவிட்டு வந்து பாட்டில் தண்ணீரைக் குடித்தாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாய். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் பங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் எனக்கு ஊற்றினாள். ஒரு வீட்டுக்குப் போனால் கொடுத்ததைக் குடிக்க முடியவில்லையென்றால், முடியவில்லை என்று கும்பிட்டுச் சொல்லலாம். அதில் அவமானம் இல்லை. வாங்கிக்கொண்டு கொட்டுவதில்தான் இருக்கிறது. இதை அப்போதே சொல்லியிருப்பேன்; கால்வலியில் விட்டுவிட்டேன்.

மழை விடாததால் அன்று அங்கேயே தங்கினோம். காலையில் மழை விட்டதும் நீ செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பையிலிருந்து சாம்பிள் பெட்டியை எடுத்து, ஒரு வெடியை ஊருக்கு நடுவில் இருந்த பாறையில் வைத்தாய். உன் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நமக்குப் பிள்ளை பிறந்தாலும் வெடி, பொங்கல் வைத்தாலும் வெடி, எலக்‌ஷனில் ஜெயித்தாலும் வெடி. அதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை. பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டின. வெடித்ததும் அந்தச் சத்தம் ஒரு மலையில் மோதி, அடுத்த மலையில் மோதி, போய்க்கொண்டே இருந்தது. கட்டியிருந்த எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சரிவில் ஓடின. கைதட்டிய பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடின. ஆண்கள் நம்மைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை அப்பாராவ் சொன்னான்: இந்த மலைதான் எங்களுக்கு ராஜா, ராஜா வாசலில் வந்து வெடி வைக்கிறீர்களே, யார் நீங்கள்?

குமுதிதான் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். கையை நீட்டி நீட்டி என்னவோ சொன்னாள். நான் அப்பாராவைக் கேட்டேன். "இவங்க சத்தம் விக்கிற ஊர்க்காரங்க, இது தப்புன்னு இவங்களுக்குத் தெரியாது, விட்டுருங்கன்னு சொல்றாம்மா" என்றான். சத்தம் விற்கிற ஊர். நம்மைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அவள் அதை வசவாகச் சொல்லவில்லை, நமக்காகப் பரிந்து சொன்னாள். பிறகு மற்றவர்களோடு அவளும் சரிவில் இறங்கி எருமைகளை ஓட்டிவரப் போனாள். நீ பாறையில் உட்கார்ந்துகொண்டு, "சாம்பிள்தான, இதுக்குப் போயா" என்று முணுமுணுத்தாய். நான் அந்த ஆண்கள் முன்னால் கைகூப்பி நின்றேன்.

கிளம்புகிறபோது அவளை என்னால் சும்மா விட்டுவிட்டு வர முடியவில்லை. உன்னிடம் புது கேமரா இருந்தது. ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்க அப்பாராவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணத்தை அங்கேயே, அப்போதே, உனக்குச் சொன்னேன். அவள் தங்கச்சியை யாரோ ஒரு வெளியூர்க்காரன் சந்தையில் படம் எடுத்துப் போனான். பிறகு மஞ்சள் விற்கப் போன இடத்தில், கீழே டவுனில் ஒரு லாட்ஜ் சுவரில் பெரிதாக அந்தப் படம் மாட்டியிருப்பதை இவளே பார்த்தாள். வந்து போகிற ஆண்கள் அதைக் காட்டி என்னவோ பேசிச் சிரித்தார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்தத் தங்கச்சி சந்தைக்கே இறங்குவதில்லை.

"இந்தப் படம் எங்க போகும்னு கேக்குறாம்மா" என்றான் அப்பாராவ்.

"என் வீட்டுக்குப் போகும். என் வீட்டுச் சுவத்துல இருக்கும்னு சொல்லு."

"வேற யார் கைக்கும் போகாதான்னு கேக்குறா."

"போகாது."

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெரு நடுவில் நட்டு வைத்த கற்களும் அதன் கீழ் ஒரு பலகைக் கல்லும் இருந்தனவே, அங்கே. என் உள்ளங்கையை அந்தக் கல்லில் வைத்து அழுத்தி, "தரணி" என்றாள். அதற்கு அப்பாராவ் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூமித்தாய் மேல் கையை வைத்துச் சொல்லச் சொல்கிறாள். சொன்னேன். என் வீட்டைத் தாண்டி உன் முகம் போகாது என்று தமிழில்தான் சொன்னேன். அந்தக் கல்லுக்குத் தமிழ் புரியாமல் இருக்காது. பக்கத்தில் கேமராவோடு நின்ற நீ, "சரிம்மா, சரிம்மா" என்றாய். அப்புறம்தான் அவள் நின்றாள். அந்தப் படத்தை நன்றாகப் பார். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைத்தான் நீ வெட்டி எடுத்து வெடியில் ஒட்டியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் உனக்குப் போன் போட்டேன். நீ நாக்பூரில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய், தெரியும். "எம்மா, ஒரு லேபிளுக்கா இம்புட்டு ரகள? போன வருசம் சினிமாக்காரி படம் போட்டோம், அவ வந்து கேட்டாளா?" என்றாய்.

"அவளுக்கு நான் கல்லுல கை வச்சுச் சத்தியம் பண்ணல."

"அங்கன கரண்டே கெடையாதும்மா. யாரு பாக்கப்போறா?"

"ஏலே, நான் பாத்துட்டேன்ல."

"சீசன் நேரம். அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நான் கூப்பிடுகிறபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்கிறது. அதனால்தான் நீ தங்குகிற லாட்ஜ் விலாசத்துக்கு எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாதில்லையா.

நீ போனை வைத்த பிறகு நடந்ததையும் தெரிந்துகொள். மாமா சமாதானம் சொல்ல வந்தார். "மாப்ள சொல்றதும் நாயந்தான, தங்கச்சி. வெடிக்குப் படம் வேணும். ஏதாவது ஒரு மூஞ்சி போட்டுத்தான ஆகணும்?"

அதுவரைக்கும் சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த செல்வி திரும்பினாள். "அப்பா, அப்படின்னா என் மூஞ்சியப் போடுங்களேன். கலரும் செலவில்லாம வரும், பிரேம் போட்ட கல்யாணப் படம் இருக்கு."

"ஏ, வாய அடக்கு. குடும்பப் பொம்பள மூஞ்சிய வெடியில போடுவாகளா?"

"அப்ப அந்தக்கா யாரு? குடும்பம் இல்லாம மரத்துலயா காச்சாக?"

உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு மாமா ஹாலுக்குப் போய்விட்டார். பொட்டு வைக்காத பெட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செல்வி தன் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. நீ ஊரில் இருந்திருந்தால் உன்னிடமும் அதையே கேட்டிருப்பாள். அவளுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துவை, வீட்டுக்கு வந்ததும் கேட்பாள்.

உனக்கு இது புதுப் பாடம் இல்லை, அதுதான் என் ஆத்திரம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாமி படம் போட்ட வெடியை நம் வாசலில் வெடிக்க விடமாட்டேன். ஈரத்துணியில் லேபிளை ஊறவைத்து, உரித்தெடுத்து, நிழலில் காய வைத்துவிட்டு, வெறும் வெடியைத்தான் உன் கையில் கொடுப்பேன். "ஏலே, இவன் வெடியெல்லாம் அம்மணமா வருதுலே" என்று தெருப்பிள்ளைகள் உன்னைக் கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வந்து, "சாமிக்கு வலிக்குமாம்மா?" என்று கேட்டாய். "வலிக்காது. ஆனா காலைல வாசக் கூட்டும்போது சாமி மூஞ்சி துண்டு துண்டாக் கெடக்கும், அத நாமதான் மிதிப்போம்" என்றேன். அடுத்த தீபாவளிக்கு நீயே உட்கார்ந்து உரித்தாய். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது இந்த வியாபாரிக்கு எப்படி மறந்தது? கோயிலில் இருந்தால்தான் சாமியா? உன்னைப் பெற்றவளைத் தூக்கி வந்தவள் இல்லையா அவள்?

உன் அப்பா மெதுவாக, "நீ எதுக்கு அந்தக் கல்லுல கைய வச்ச?" என்று கேட்டார். தப்பு என் மேல்தான் என்று ஆக்கினால் எல்லாருக்கும் சௌகரியம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாக்குக் கொடுத்தது தப்பில்லை. கொடுத்த வாக்கைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வந்து அதை அச்சுக்கு அனுப்பியதுதான் தப்பு. என் படத்தை நீ விற்றிருந்தால்கூட ஒரு திட்டோடு விட்டிருப்பேன். நீ விற்றது என் சொல்லை.

இன்னும் ஒன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. மாமா கிளம்பும்போது என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து ஒன்று சொன்னார். "ராயகடா டீலரும் இந்த அயிட்டத்துக்கு ஆர்டர் குடுத்திருக்காரு, தங்கச்சி. அவுக மலைச் சந்தைக்கே நம்ம சரக்கு போகுது. பெருமையா நெனைக்கட்டுமே." யாரு பாக்கப்போறா என்று கேட்டாயே, இதோ பதில். மஞ்சள் விற்க இறங்குகிற சந்தையில், தரையில் விரித்த சாக்கில், தன் முகத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பதை அவள் பார்ப்பாள். யாரோ ஒருவன் அதைக் கொளுத்துவான். எருமைகள் ஓடும். அவள் தங்கச்சி மாதிரி அவளும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். தன்னை ஏமாற்றியது கேமரா பிடித்தவன் என்று நினைக்கமாட்டாள். தரணியின் மேல் கை வைத்த கிழவி என்றுதான் நினைப்பாள். சரியாகத்தான் நினைப்பாள்.

மாமாவிடம் தெளிவாகக் கேட்டேன். ஒட்டாத லேபிள் ஷீட்டெல்லாம் இன்னும் பிரஸ்ஸில்தான் இருக்கிறதாம். ஒட்டிய சரக்கு குடோனில் இருக்கிறது. ராயகடா லோடு இன்னும் ஏறவில்லை. "லேபிள் மாப்ள பொறுப்பு. அவரு ஒரு வார்த்த சொன்னா நிறுத்திர்றேன். அவரு சொல்லாம நான் கைய வச்சா நாளைக்கு எங்களுக்குள்ள மனஸ்தாபம் வரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆக, இது உன் ஒரு வார்த்தையில் நிற்கிறது. வேறு லேபிள் போடு. பூப் போடு, மயில் போடு, பெயரை மட்டும் எழுது. ஒட்டியதை உரித்து ஒட்டக் கூலி ஆகும், சீசன் தட்டும், டீலர் வைவார். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் படத்தை உன் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிடு. பிரதி ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவள் சம்மதித்த இடம் அது ஒன்றுதான்.

நீ செய்தாலும் செய்யாவிட்டாலும் நானும் உன் அப்பாவும் ராயகடாவுக்குப் போகிறோம். உன் அப்பா டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். செல்வியும் வருகிறேன் என்கிறாள். அப்பாராவைப் பிடித்து மேலே போய், குமுதியின் முன்னால் நிற்கப்போகிறேன். லோடு நின்றிருந்தால், என் மகன் ஒரு தப்புச் செய்தான், அவனே அதை நிறுத்திவிட்டான் என்று சொல்வேன். நிற்காவிட்டால், "சந்தையில் உன் முகத்தைப் பார்ப்பாய், விற்றவன் என் மகன்" என்று அவளிடம் சொல்வேன். அவள் என்ன செய்தாலும் பட்டுக்கொள்வேன். இரண்டில் எதைச் சொல்வது என்று ரயில் ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நலம் விசாரித்து எழுத வேண்டாம். நிறுத்தினேன், நிறுத்தவில்லை, இரண்டில் ஒன்றை எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா